கோட்டையை யார் காலி செய்தார்கள்?

திருவண்ணாமலை என்றதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தீபமும் கிரிவலமும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கள் பக்கத்தில் இன்னொரு திருவண்ணாமலை இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சின்னதாய் ஒரு மலை, மேலே சீனிவாசப் பெருமாள். தென்திருப்பதி என்பார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் காலை வேளையில் படிகள் காலியாகக் கிடக்கும். அப்படியொரு காலையில் மேலே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் படிகளில் ஓடி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். நாலாவது தடவை வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போலீஸ் செலக்சனுக்கு ஓடுறேண்ணே. பட்டாலியன் கெடச்சாலும் சரிதான். ராஜபாளையத்திலேயே போட்டுட்டா வீட்டுச் சாப்பாடு சாப்ட்டுக்கிடலாம்."

ராஜபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பதினோராவது அணி இருக்கிறது. "பாளையம்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?" என்று கேட்டேன். தமிழ் எம்.ஏ. படித்தவனுடைய கெட்ட பழக்கம். "அது ஊர்ப்பேருக்குப் பின்னாடி வர்றதுண்ணே. மேட்டுப்பாளையம், கோபிச்செட்டிபாளையம் மாதிரி" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு சொல் அதன் அர்த்தத்தை இழந்து வெறும் ஊர்ப்பெயராகிவிடும்போதுதான் அதிகாரம் வெற்றி பெறுகிறது. பாளையம் என்றால் படை இறங்கிய இடம், பாசறை. மதுரை நாயக்கர் ஆட்சியில் நிலத்தைப் பாளையங்களாகப் பிரித்தபோது அந்த ராணுவச் சொல்லே வருவாய்க்கும் நீதிக்கும் காவலுக்குமான சொல்லாகிப்போனது. இன்றைக்கு அதே பெயருடைய ஊரில் ஒரு பட்டாலியன் இருக்கிறது. பாளையத்துக்குள் ஒரு பாளையம். இந்தத் தற்செயலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம், சில வருஷங்களாக நம் காதில் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் ஒரு சொல்: மறுபயன்பாடு. பழைய கோட்டை, கொத்தளம், படைமுகாம், ஆயுதக் கிடங்கு இவற்றையெல்லாம் இடிக்காமல் அருங்காட்சியகமாக, ஆபீசாக, சுற்றுலாத் தலமாக மாற்றுவது. பாரம்பரியக் காவலர்கள், கட்டடக்கலைஞர்கள், சுற்றுலாத் துறையினர் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ராணுவம் போய்விட்டது, கட்டடம் காலியாக இருக்கிறது, அதில் சமூகத்துக்குப் பயனுள்ள ஒன்றை வைப்போம் என்பது இந்தச் சொல்லாடலின் அடிப்படை. இதில் 'காலியாக இருக்கிறது' என்ற வாக்கியத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். நம் ஊர்க் கோட்டைகளின் வரலாற்றை வாசித்தால் அவை காலியானதாகவே தெரியவில்லை. ஆள் மாறியிருக்கிறது. உள்ளே என்ன நடந்துகொண்டிருந்ததோ அது பெரும்பாலும் தொடர்ந்திருக்கிறது.

*

முதலில் ஒரு எளிய கணக்கு. தோற்றவர்களின் கோட்டை என்னவானது, ஜெயித்தவர்களின் கோட்டை என்னவானது?

1755ல் கர்னல் ஹெரனும் மாபூஸ்கானும் மதுரைக்கும் திருநெல்வேலிச் சீமைக்கும் கப்பம் வசூலிக்கப் படையோடு வந்ததிலிருந்து அரை நூற்றாண்டுக் காலம் இந்த மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரம் போர்க்களமாக இருந்தது. நெற்கட்டும்செவல் பூலித்தேவனோடு யூசுப்கான் மோதினான். அதே யூசுப்கான் கம்பெனிக்கும் நவாபுக்கும் எதிராகத் திரும்பியதும் 1764ல் மதுரையில் தூக்கிலிடப்பட்டான். 1767ல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் ராஜபாளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் கொல்லங்கொண்டானுக்கும், பிறகு சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பக்கமும் படை கொண்டுபோனார். இந்த ஊர்களின் பெயர்களை நாம் இன்று பஸ் போர்டில் வாசிக்கிறோம். அங்கே இருந்த மண்கோட்டைகளைத் தேடிப் போனால் பெரும்பாலும் மேடு கிடைக்கும், முள்ளுக்காடு கிடைக்கும். சில இடங்களில் அதுவும் கிடைக்காது.

இது காலத்தின் வேலை அல்ல, ஆணையின் வேலை. பாஞ்சாலங்குறிச்சியின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1799 அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2ந் தேதி பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பினான். சில நாட்களிலேயே பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து நின்றது. வந்து பார்த்த கம்பெனிப் படை திகைத்தது. மே மாசம் 24ந் தேதிதான் கர்னல் அக்னியூவின் படையால் அதைப் பிடிக்க முடிந்தது. அதோடு தரைமட்டமாக்கி உழுதுபோட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 1ந் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். கோட்டைகள் இருக்கக்கூடாது. நிரந்தர வரி கட்டும் ஜமீன்தாராக அடங்கியிருந்தால் பிழைக்கலாம். தென்தமிழ்நாட்டின் நவீன காலம் தொடங்கிய நாள் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன். ஆயுதம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கலாம் என்று ஆன நாள் அது.

அந்தக் கோட்டை எப்படிச் சில நாட்களில் எழுந்தது என்ற கேள்வி முக்கியம். அது மண். ஊர் ஜனம் முழுக்கச் சேர்ந்து பிசைந்து வைத்த மண். பீரங்கிக் குண்டு விழுந்தால் கல்சுவர் நொறுங்கும். மண்சுவர் குண்டை விழுங்கிக்கொள்ளும். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டையை அடைத்துவிடலாம். அதாவது கோட்டை என்பது அங்கே ஒரு கட்டடமாக இருக்கவில்லை, கூட்டு உழைப்பாக இருந்தது. இடிக்கவேண்டியது சுவரை மட்டுமல்ல, சேர்ந்து சுவர் வைக்கிற அந்தப் பழக்கத்தையும்தான் என்பது கம்பெனிக்குப் புரிந்துவிட்டது. அதனால்தான் உழுதது.

1974ல் தமிழ்நாடு அரசு பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மனுக்கு ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சுவரில் படங்கள் இருக்கின்றன. 1959ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த மதில் பழக்கமானதாகத் தெரியும். சிமெண்டுக் கோட்டை. மண்ணைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைக் கட்டியதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஒன்றுமில்லாமல் இருந்ததற்கு இது மேல். ஆனால் கவனியுங்கள்: தோற்றவனின் கோட்டை திரும்பி வந்தபோது அதற்கு எந்த வேலையும் கொடுக்கப்படவில்லை. உள்ளே தாலுகா ஆபீஸ் இல்லை, கோர்ட் இல்லை. அது பார்க்கப்படுவதற்காக மட்டும் நிற்கிறது.

*

இனி ஜெயித்தவர்களின் பக்கம்.

ஊமைத்துரை தப்பிய பாளையங்கோட்டையில் கோட்டை என்பது இன்று பெரும்பாலும் ஊர்ப்பெயரில்தான் மிச்சம். இடிபடாமல் தப்பிய வாசல் கட்டுமானம் ஒன்றின் மேல் பின்னாளில் போலீஸ் ஸ்டேஷன் நடந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் மேடை போலீஸ் ஸ்டேஷன். எந்தக் கோட்பாட்டாளனும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியிருக்க முடியாது. புகார் கொடுக்கப் போகிறவன் கீழே நிற்கிறான், வாங்குகிறவன் மேடையில் இருக்கிறான். படைவீரன் நின்ற இடத்தில் பாரா போலீஸ் நின்றான். ஊர்க்காவலும் திசைக்காவலும் ஒழிந்த இடத்தில் 1859ம் வருஷச் சட்டப்படி மதராஸ் போலீஸ் வந்தது. கட்டடத்தின் பாஷையில் அதற்குப் புதிதாக எழுத ஒன்றுமிருக்கவில்லை.

மதுரைத் திருமலை நாயக்கர் மஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் ஆட்சி முடிந்தபின் அந்த அரண்மனை படை தங்குமிடமாக, சாமான் கிடங்காகச் சீரழிந்தது. மிஞ்சிய பகுதியை கவர்னர் நேப்பியர் காலத்தில் செப்பனிட்டார்கள். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு நாயக்கர் மஹால் உண்டு, அதிலும் கோர்ட் நடந்திருக்கிறது. அரசன் உட்கார்ந்த இடத்தில் படை இறங்கியது, படை இறங்கிய இடத்தில் நீதிபதி வந்து உட்கார்ந்தார். கரிசல்காட்டு சம்சாரி வாய்தாவுக்கு வந்து அந்தப் பெரிய தூணுக்குக் கீழே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றபோது அவனுக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தூண் போதும். இதைத்தான் மறுபயன்பாடு என்று சொல்கிறோம் என்றால், எது மறுபடி பயன்படுத்தப்பட்டது? சுண்ணாம்பும் கல்லுமா, அவற்றின் உயரமா?

எல்லாவற்றுக்கும் மேலே புனித ஜார்ஜ் கோட்டை. 1640ல் கம்பெனி கட்ட ஆரம்பித்த வியாபாரக் கோட்டை. கிடங்கும் பீரங்கியும் ஒன்றாக இருந்த இடம். இன்றுவரை தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அங்கேதான். நம் அரசியல் பாஷையைப் பாருங்கள். தேர்தலில் ஜெயிப்பதைக் கோட்டையைப் பிடிப்பது என்கிறோம். கோட்டையில் கொடி பறக்கும் என்கிறோம். ஒரு தொகுதி ஒரு கட்சியின் கோட்டை என்கிறோம். ஜனநாயகத்தைப் பற்றிப் பேச நமக்கு முற்றுகைப் போரின் வார்த்தைகள்தான் கிடைத்தன. சுதந்திர தினத்தன்று கோட்டையில் முதலமைச்சரே கொடியேற்றும் உரிமை 1974ல் கிடைத்தது. அதுவரை கவர்னர்தான் ஏற்றினார். மாநில உரிமையின் வரலாற்றில் அது முக்கியமான நாள், மறுக்கவில்லை. ஆனால் அதே 1974தான் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை எழுந்த வருஷமும். ஒரே வருஷத்தில் இரண்டு கோட்டைகள். ஜெயித்தவன் கோட்டையில் கொடி ஏற்றினோம், தோற்றவன் கோட்டையைச் சிமெண்டில் வார்த்தோம். ஆட்சி ஒன்றில், உணர்ச்சி மற்றொன்றில். தமிழ் அடையாள அரசியலின் மொத்தக் கட்டமைப்பும் இந்த இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். பாளையத்திலிருந்து கோட்டைக்குப் போனவர். அவர் ராஜபாளையத்தில் தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்தார். ஒரு தனிமனிதன் தன் வீட்டின் பயனை மாற்ற முடிந்திருக்கிறது. கோட்டையின் பயனை மாற்றும் யோசனை எந்த முதலமைச்சருக்கும் அத்தனை சுலபமாக வரவில்லை.

*

வேலூருக்குப் போவோம். மறுபயன்பாட்டை ஆதரிப்பவர்கள் எல்லோரும் காட்டும் கோட்டை அது. 133 ஏக்கர், அகழியில் தண்ணீர், உள்ளே கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகங்கள், அரசு அலுவலகங்கள். மத நல்லிணக்கத்தின் சின்னம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுகின்றன. நாம் வேறு மாதிரி வாசித்துப் பார்ப்போம்.

1799ல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்தபின் அவன் குடும்பத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10ந் தேதி சிப்பாய்கள் எழுந்தார்கள். நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை எடு, தோல்பட்டை வைத்த புதுத் தொப்பியைப் போடு என்ற உத்தரவுகள் உடனடிக் காரணம். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்ததும் அரண்மனையில் பதுங்கியிருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்.

இடம் காலியானது, இல்லையா? இல்லை. 1815ல் கண்டி வீழ்ந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனை 1816ல் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். மதுரை நாயக்கர் வழி உறவுள்ள, தமிழில் கண்ணுசாமி என்று பெயர் கொண்ட ஒரு மனிதன். 1832ல் சாகும்வரை இங்கேதான் சிறை. பாலாற்றங்கரையில் அவன் கல்லறை இருந்த இடத்தில் தமிழ்நாடு அரசு முத்துமண்டபம் கட்டி 1990ல் திறந்தது. இலங்கையிலிருந்து சிறையாக வந்தவனுக்கு மரியாதை.

அதே 1990ஐ ஒட்டித்தான் ஈழத்திலிருந்து வந்த இளைஞர்களை அடைப்பதற்குச் சிறப்பு முகாம்கள் என்று ஒன்று தமிழ்நாட்டில் உண்டானது. வேலூர்க் கோட்டையின் திப்பு மஹால் அதில் ஒன்று. அயல்நாட்டவர் சட்டம் 1946 அதற்குப் போதுமானதாக இருந்தது. கோர்ட் விதித்த தண்டனை வேண்டியதில்லை, கலெக்டரைப் போன்ற ஓர் அதிகாரியின் உத்தரவு போதும். சிறை என்று சொல்லவில்லை, முகாம் என்றார்கள். பாளையம் என்ற சொல்லின் நேர்ப்பொருள் திரும்பி வந்துவிட்டது, கவனித்தீர்களா? 1995 ஆகஸ்டில் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ஊமைத்துரை பாளையங்கோட்டையிலிருந்து தப்பியதைப் பாடப்புத்தகத்தில் வீரம் என்று படிக்கிறோம். இந்த 43 பேர் தப்பியது பேப்பரில் பாதுகாப்புக் குளறுபடியாக வந்தது. தப்பியவர்களின் அரசியலை நான் இங்கே ஆதரிக்கவும் இல்லை, தூக்கிப்பிடிக்கவும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது சுவர். திப்புவின் குடும்பம், கண்டி அரசன், ஈழத்து இளைஞன் என்று மூன்று தோல்விகளை அந்தச் சுவர் ஒரே மாதிரி வாங்கிக்கொண்டது. பகைவன் உள்ளே வராமலிருக்க எழுப்பியது மதில். இருநூறு வருஷமாக அது உள்ளே இருப்பவன் வெளியே போகாமல் பார்த்துக்கொண்டது. இவ்வளவு வெற்றிகரமான மறுபயன்பாட்டை வேறெங்கும் பார்க்க முடியாது.

அடுத்தது நல்லிணக்கம். உள்ளேயிருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் படைகள் ஆயுதக் கிடங்காக வைத்திருந்த காலம் உண்டு. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்த அந்தக் கோயிலில் 1981 மார்ச்சில் லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தில் வழிபாடு தொடங்கியது. ஜனங்கள் விரும்பினார்கள், நடந்தது. நல்லது. அதே கோட்டைக்குள் இருக்கும் மசூதியில் தொழுகைக்கு அனுமதி கேட்டு முஸ்லிம்கள் போராடியபோது அதே தொல்லியல் விதி தடையாக வந்து நின்றது. ஒரு விதி ஒரு வாசலில் வளைகிறது, இன்னொரு வாசலில் விறைக்கிறது. 1806ல் ஒரே சுவரோரம் சேர்ந்து செத்தவர்களின் வாரிசுகள் இவர்கள். மூன்று கட்டடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாலேயே நல்லிணக்கம் வந்துவிடாது. எந்தக் கட்டடத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது, எதற்குக் கிடைக்கவில்லை என்று கேட்கவேண்டும்.

*

இதுவரை படையின் கட்டடம் சிவில் கட்டடமாவதைப் பார்த்தோம். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. அதைப் பற்றி எந்த பாரம்பரியக் கருத்தரங்கிலும் யாரும் கட்டுரை வாசிப்பதில்லை.

1997ல் விருதுநகர் மாவட்டப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. கட்டபொம்மனின் தளபதியாக இருந்து, வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தன்னையே எரித்து மாண்டதாக மக்கள் கதைகளில் வாழும் மனிதன். தேவேந்திர சமூகத்தைச் சேர்ந்தவன். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் சொன்னார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சுற்றுவட்டாரம் எரிந்தது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனுக்குக் கோட்டை கட்ட முடிந்தது, அவன் தளபதிக்கு ஒரு பஸ்ஸில் பெயர் எழுத முடியவில்லை. தோற்றவர்களின் நினைவுக்குள்ளும் ஒரு மதில் இருக்கிறது, அதற்குள்ளும் காவல் இருக்கிறது என்பதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நான் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். கலவரத்தில் லீவு விட்டார்கள். திரும்பப் போனபோது எங்கள் வகுப்பறையில் போலீஸ்காரர்கள் தங்கியிருந்தார்கள். கரும்பலகையில் ட்யூட்டிப் பட்டியல் எழுதியிருந்தது. ஜன்னல் கம்பியில் பனியன் காய்ந்தது. நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். எங்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர்கள் கிளம்பிப் போனபிறகும் ரொம்ப நாளைக்கு அந்த அறையை நாங்கள் 'போலீஸ் ரூம்' என்றுதான் சொன்னோம். வாத்தியார்கூட அப்படித்தான் சொன்னார். ஒரு கட்டடத்தில் அதிகாரம் பத்து நாள் படுத்து எழுந்தால் போதும், பெயர் ஒட்டிக்கொள்கிறது.

இதையே பல மடங்கு பெரிதாக்கினால் யாழ்ப்பாணம். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை 1990ல் முற்றுகைக்குள்ளாகிப் புலிகளின் கைக்குப் போனது. பிறகு ராணுவத்திடம் வந்தது. உள்ளேயிருந்த பழைய தேவாலயம் அழிந்தது. போருக்குப் பிறகு நெதர்லாந்து உதவியோடு மதிலைச் செப்பனிட்டார்கள், ஜனங்கள் சாயங்காலம் காற்று வாங்கப் போகிறார்கள். கோட்டை சிவில் ஆகிவிட்டது என்று புகைப்படம் எடுத்துப் போட வசதியாக இருக்கிறது. ஆனால் வலிகாமம் வடக்கில் சனங்களின் வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் படைமுகாமாகக் கிடந்தன. 2009ல் போர் முடிந்தபிறகும் பல வருஷம் சொந்த வீட்டுக்குத் திரும்ப முடியாமல் ஆட்கள் நலன்புரி நிலையங்களில் இருந்தார்கள். பழைய கோட்டை வீடு போலாகும்போது வீடுகள் கோட்டையாகிக்கொண்டிருந்தன. முன்னதைக் கொண்டாடி எழுதுகிறவன் பின்னதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் அவன் எழுதுவது விளம்பரம்.

*

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க? எல்லாத்தையும் இடிச்சிரலாமா? நியாயமான கேள்வி. இடிப்பது கிளைவின் வேலை, நம் வேலை அல்ல. ஆள் புழங்காத கட்டடம் செத்துப்போகும் என்பதும் உண்மைதான். ஆலஞ்செடி வேர் விட்டால் எந்தக் கொத்தளமும் தாங்காது. எனவே புழங்கவேண்டும் என்பதில் சண்டையில்லை. யார் புழங்குவது என்பதில்தான் சண்டை.

இதற்கு நம்மிடம் ஒரு விசித்திரமான உதாரணம் இருக்கிறது. 2010 மார்ச்சில் ஓமந்தூரார் தோட்டத்தில் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு கோட்டையை விட்டு வெளியே வந்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறியது, அரசு மறுபடி கோட்டைக்கே போய்விட்டது. புதுக் கட்டடம் 2014ல் அரசு ஆஸ்பத்திரியானது. கட்சிப் பகையில் நடந்த காரியம் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கோட்பாட்டு யோசனையோடு அதைச் செய்யவில்லை. ஆனாலும் விளைவைப் பாருங்கள். அரசு உட்காரக் கட்டிய இடத்தில் இன்று தூரத்து ஊர்க்காரன் பாயை விரித்துப் படுத்திருக்கிறான், தூக்குவாளியில் கஞ்சி வாங்கிவருகிறான். யாரைப் பார்க்கணும், எதுக்குப் பார்க்கணும் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, பாஸ் வாங்கி, தலைகுனிந்து நுழைய வேண்டியிருந்திருக்கும் ஒரு வாசல், நோயோடு வருகிறவனுக்குத் திறந்திருக்கிறது. ஆஸ்பத்திரியும் படைமுகாமும் பள்ளிக்கூடமும் சிறையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று ஃபூக்கோ காட்டியிருக்கிறார், உண்மைதான். அங்கேயும் வரிசை உண்டு, அதட்டல் உண்டு. இருந்தாலும் கோட்டைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே எதில் எங்கள் ஊர்க்காரன் உயிரோடு வெளியே வருவான் என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

ஆகவே எந்தப் பழைய படைக்கட்டடத்தையும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று யாராவது வந்தால் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போம். இங்கே முன்பு யாரை அடைத்தார்கள், யாரைச் சுட்டார்கள், அது சுவரில் எழுதப்படுமா? இப்போது யார் யாரிடமும் கேட்காமல் உள்ளே வரலாம்? நாளைக்கு ஒரு கலவரம் வந்தால் இந்த இடம் எத்தனை மணி நேரத்தில் மறுபடி முகாமாகும்? முதல் கேள்விக்குப் பெயர்ப்பலகையும் இரண்டாவதற்கு டிக்கெட் கவுண்டரும் பதிலாக வரும். மூன்றாவதற்குப் பதில் வராது. அந்த மௌனத்தைத்தான் நாம் எழுதவேண்டும்.

மலையிலிருந்து பையனோடு சேர்ந்து இறங்கினேன். கீழே வந்ததும், "பாளையம்னா என்னன்னு நீங்க சொல்லவே இல்லையேண்ணே" என்றான். பட்டாளம் கூடாரம் போட்ட இடம் என்றேன். யோசித்தான். "அப்ப சரியாத்தான இருக்கு, பட்டாலியன் அங்க இருக்கிறது" என்று சிரித்தான். வேலூரில் சுவரோரம் நின்றவர்களும் இப்படி எங்கேயோ ஒரு கிராமத்திலிருந்து, வீட்டுக்குச் சம்பளம் அனுப்பக் கிளம்பிப் போனவர்கள்தான். அவர்களைச் சுட்டவர்களுக்கும் சம்பளம்தான். அவனுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன், அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது. அடுத்த கலவரத்தில் ஏதோ ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் அவன் பெயரும் எழுதப்படும். அதை அழிக்காமல் வைத்திருக்கப் போகிற பிள்ளைகள் அந்த அறைக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.